வழித்தரிப்பில் மறைத்து வைத்த துவக்கு: மயிலிட்டி வரை பயணிப்போர் அறிய வேண்டிய சட்டம்

யாழ். குடாநாட்டின் வடகரையில், பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே இருக்கிறது மயிலிட்டி. 1990 ஜூனில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் 27 ஆண்டுகள் அது உயர்பாதுகாப்பு வலயம். 2017 ஜூலை 3 அன்றுதான் மீன்பிடித் துறைமுகமும் அதைச் சுற்றியுள்ள ஒரு பகுதிக் காணியும் மக்களிடம் திரும்பி வந்தன. 2025 செப்டம்பர் 1 அன்று துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தி வேலைகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்தார். இன்று மீன் வாங்கப் போகிற வியாபாரியும், லொறிக்காரரும், ஊர் பார்க்கப் போகிற குடும்பங்களும் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வேரூன்றிய எமது மக்களும் அதில் அடக்கம்.

அப்பகுதியிலுள்ள பலாலி வீதி 35 ஆண்டுகளின் பின்னர் 2025 ஏப்ரல் 10 அன்று திறக்கப்பட்டபோது, வீதியோரத்தில் நிபந்தனைப் பலகையும் நாட்டப்பட்டது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பயணம். இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, நடந்து போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. இறங்கி நிற்பதே பாதுகாப்புக் கேள்வியாகிவிடும் வீதிகள் எமது நாட்டில் இன்னும் இருக்கின்றன என்பதற்கு இது ஓர் அடையாளம். இப்படிப்பட்ட நாட்டில், பயணத் தரிப்பிடம் ஒன்றில் இடுப்பில் அல்லது ஆசனத்தின் கீழ் துவக்கை மறைத்து வைத்திருப்பதன் பொருள் என்ன, சட்டம் என்ன சொல்கிறது, எமது அனுபவம் என்ன சொல்கிறது என்பதை ஒரே இடத்தில் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போவது நீண்ட பயணம். அநுராதபுரம், வவுனியா வழியாகப் போனாலும் மன்னார்ப் பக்கமாகப் போனாலும் இடையில் இறங்கியே ஆக வேண்டும். ஏ-9 வீதியில் முறிகண்டியில் நிறுத்தி, கச்சான் வாங்கி, தேநீர் குடித்து விட்டுப் போகாத வாகனம் குறைவு. வவுனியாவில் தொழுகைக்காக நிறுத்துவோம். நள்ளிரவில் பூட்டிய கடையொன்றின் முன்னால் சாரதி அரை மணி நேரம் கண்ணயர்வார். அதிவேக நெடுஞ்சாலைகளில் இருப்பது போன்ற வெளிச்சமும் காவலும் உள்ள ஓய்விடங்கள் வடக்கு வீதிகளில் இல்லை.

அந்த இருட்டில் பயம் வருவது இயல்பு. "பாதுகாப்புக்கு ஒன்றை வைத்திருந்தால் என்ன?" என்ற பேச்சும் அங்கேதான் பிறக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடப்பது உரிமை என்று காட்டும் காணொளிகளும் கைத்தொலைபேசிகளில் சுற்றுகின்றன. இளைஞர்கள் அதை எமது நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்போம்.

வெளிநாட்டு நிலைமை

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் பேசுகிறது. வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியுடன் செல்லும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. ஆனாலும் எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தின் அனுமதி அடுத்த மாநில எல்லையில் செல்லாமற் போகலாம். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இறங்குபவர் எந்த மாநில மண்ணில் கால் வைக்கிறாரோ அந்த மாநிலச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவர். துப்பாக்கியுடன் மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. அதற்கும் நிபந்தனை உண்டு: தோட்டா ஏற்றப்படாமல், கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

பிரித்தானியாவில், டன்பிளேன் பாடசாலையில் 1996இல் நடந்த படுகொலைக்குப் பின்னர், 1997இல் கைத்துப்பாக்கிகள் தனியாருக்கு ஏறத்தாழ முற்றாகத் தடை செய்யப்பட்டன. கனடாவில் 2022 ஒக்டோபர் முதல் கைத்துப்பாக்கிகளின் விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டுள்ளன. ஆகவே காணொளியில் காண்பது உலக வழக்கம் அல்ல. ஒரு நாட்டின் தனி வழக்கம், அதுவும் ஆயிரம் நிபந்தனைகளோடு.

இலங்கைச் சட்டம்

எமது அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று ஒன்று இல்லை. இங்கே துவக்கு என்பது அரசு தரும் அனுமதி மட்டுமே. அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அது பல தடவை திருத்தப்பட்டது. அவற்றில் 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

இதில் பயணிகள் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். அதைச் சுட்டிருக்க வேண்டியதில்லை, எவரையும் மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. ரி-56 போன்ற தன்னியக்கத் துப்பாக்கியாக இருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். உள்ளூரில் செய்யப்படும் 'கல்கட்டஸ்' துப்பாக்கியும் கட்டுத்துவக்கும் 'சின்னச் சாமான்' என்று தப்பிவிடாது. தோட்டா மட்டும் அகப்பட்டாலும் கைது உண்டு. கைக்குண்டு போன்றவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். மீன்பிடிக்க டைனமைட் பாவிப்பதைக் கடற்றொழில் சட்டமும் தடுக்கிறது. துறைமுகத்திலிருந்து திரும்பும் லொறிக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். மீன்பெட்டியோடு சேர்த்து "ஒரு சின்னப் பார்சல்" என்று யாரோ ஏற்றிவிட்டால் வழியில் பதில் சொல்ல வேண்டியவர் சாரதிதான்.

அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. தகப்பனின் பெயரில் உள்ள துவக்கை மகன் கொண்டு போகமுடியாது. முதலாளியின் துவக்கைச் சாரதி வைத்திருக்க முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குகளின் அனுமதி மாவட்ட நிர்வாகத்தின் ஊடாகப் போகிறது. கைத்துப்பாக்கி போன்ற தற்பாதுகாப்பு ஆயுதங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை. அனுமதி டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பயிரைக் காக்கத் தந்த துவக்கை யாழ்ப்பாணப் பயணத்தின்போது வாகனத்தில் வைத்துக்கொள்ள அந்த அனுமதி ஒருபோதும் உதவாது.

அனுமதி உள்ளவர்களுக்கும் நிலைமை இறுகியிருக்கிறது. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன்னர் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. பழைய பத்திரம் பையில் கிடக்கிறது என்பதற்காக அனுமதி இன்னும் செல்லும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

"தற்பாதுகாப்பு உரிமை இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. தண்டனைச் சட்டக்கோவை அதை ஏற்கிறது. தாக்க வருபவரைத் தடுக்கும்போது செய்த செயலை அது நியாயப்படுத்தலாம். ஆனால் அனுமதியில்லாத துவக்கை அதற்கு முன்னர் இடுப்பில் வைத்திருந்ததை அது நியாயப்படுத்தாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஒரு வாகனம், பல பயணிகள்

மறைத்து வைத்த ஆயுதம் அதை வைத்தவரை மட்டும் பாதிப்பதில்லை. வேனில் பத்துப் பேர் போகிறார்கள், ஆசனத்தின் கீழ் ஒரு கைத்துப்பாக்கி அகப்படுகிறது என்று வையுங்கள். யாருடையது என்பது அந்த நேரத்தில் எவருக்கும் தெரியாது. சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்றால் அறிவும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை நிறுவும் இடம் நீதிமன்றம், வீதியோரம் அல்ல. அதுவரைக்கும் சாரதியும், உடன் வந்தவர்களும் விசாரணைக்குள் இருப்பார்கள். துப்பாக்கி வழக்குகளில் பிணை எளிதில் கிடைப்பதுமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் போய்விட்டால் இன்னும் மோசம். 2022 திருத்தத்தின் பின்னரும் தடுப்புக்காவல் உத்தரவு பன்னிரண்டு மாதம் வரை நீளலாம்.

துப்பாக்கியைச் சிறிதாக்கி மறைக்கும் கலை இப்போது எல்லை மீறிப் போயிருக்கிறது. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, கூண்டில் நின்ற பாதாள உலகச் சந்தேக நபர் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக்கொல்லப்பட்டார். பக்கங்கள் வெட்டிக் குடையப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றுக்குள் துப்பாக்கி கொண்டுவரப்பட்டது. சுட்டவர் சட்டத்தரணி உடையில் இருந்தார். அன்றே அவர் பிடிபட்ட இடம் புத்தளம் பாலாவி, வேன் ஒன்றில் பயணித்துக்கொண்டிருந்தபோது. எமது மக்கள் நாளாந்தம் போய்வரும் அதே வீதி. இந்தச் சம்பவத்தின் பின்னர் சோதனைகள் இறுகினால், புத்தகப் பையையும் பிள்ளையின் பால்மாப் பையையும் திறந்து காட்ட வேண்டி வருவது யாருக்கு? ஆயுதமே இல்லாத சாதாரண பயணிக்குத்தான்.

வவுணதீவு தரும் பாடம்

வீதியோர ஆயுதத்தின் முழு விலையையும் அறிய 2018 நவம்பர் 30ஐப் பார்க்க வேண்டும். அன்று அதிகாலை மட்டக்களப்பு வவுணதீவில் வீதிச் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அவர்களது சேவைத் துப்பாக்கிகளும் பறித்துச் செல்லப்பட்டன.

விசாரணை முதலில் முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர்களை நோக்கித் திரும்பியது. ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர்தான், அந்தக் கொலைகளைச் செய்தது ஸஹ்ரான் குழு என்பது வெளியானது. சிறையிலிருந்தவர் 2019 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

இதில் எத்தனை பேருக்கு அநியாயம் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். கடமையிலிருந்த இரண்டு உயிர்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்த ஒரு தமிழர், அவருடைய குடும்பம். உண்மை தாமதமாக வந்ததால் தடுக்கப்படாமற்போன ஏப்ரல் தாக்குதல்கள், அதில் பலியான நூற்றுக்கணக்கானோர். அதற்குப் பின்னர் வீடு வீடாகத் தேடப்பட்ட எமது சமூகம். 2019 மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுப் பாவனைக் கத்திக்காகவும் கைதானவர்கள் உண்டு. ஒரு சிறு குழு ஒளித்து வைத்த ஆயுதத்துக்கு நாடெங்கும் உள்ள சமையலறைகள் பதில் சொன்னன.

எமது வரலாறு சொல்வது

"ஆயுதம் இருந்திருந்தால் 1990 நடந்திருக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான வலியிலிருந்து வரும் கேள்வி அது. அந்த ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் வீதியில் போன எமது பயணிகள் வழிமறித்துக் கடத்தப்பட்டார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் படுகொலைகள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். மயிலிட்டியைப் போலவே சோனகத் தெருவும் அந்த ஆண்டில்தான் வெறுமையானது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். சாவகச்சேரி முஸ்லிம்கள் ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே வெளியேற்றப்பட்டார்கள். அங்கே வாள்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன என்ற குற்றச்சாட்டு, வெளியேற்றத்துக்கான நியாயமாகப் பின்னர் பேசப்பட்டது. மறைத்த ஆயுதம் என்ற சொல்லே ஒரு சமூகத்தை வேரோடு பிடுங்கப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது 1992 ஏப்ரல் 29. பொலன்னறுவை மாவட்டத்தில் அழிஞ்சிப்பொத்தானை முஸ்லிம் கிராமத்தைப் புலிகள் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கலாக, ஊர்காவல் படையினரின் கைகளில் இருந்த துவக்குகள் அயலிலிருந்த முத்துக்கல், கரப்பொல தமிழ்க் கிராமங்களை நோக்கித் திரும்பின. அங்கே பலியானவர்களிலும் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரைக் காக்கவென்று அரசு சட்டப்படி கொடுத்த ஆயுதத்தின் கதையே இது. சட்டத்துக்கு மறைத்து வைத்த ஆயுதத்துக்குக் கணக்குக் கேட்கவும் ஆளில்லை.

மார்க்கம் காட்டும் ஒழுங்கு

பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் கடந்து செல்பவர், எவருக்கும் கீறல் படாதபடி அவற்றின் கூர்முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆயுதம் சாதாரணமாக இருந்த காலத்திலேயே, மக்கள் கூடும் இடத்தில் அதன் முனையை அடக்கு என்றுதான் சொல்லப்பட்டது. பாதையில் அமர்பவர் பாதையின் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்பதும், தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும் நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வருபவை. தேநீர்க் கடை வாங்கிலில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இடுப்பில் தோட்டா ஏற்றிய துவக்கோடு இருப்பது இந்த ஒழுங்கின் எந்தப் பக்கத்தில் வரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பயணத்தின்போது செய்ய வேண்டியவை

யாரும் தரும் பொதியைத் திறந்து பார்க்காமல் ஏற்ற வேண்டாம். வான் சாரதிகளும் பஸ் நடத்துநர்களும் இதைத் தொழில் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தரிப்பிடத்தில் இறங்கும்போது வாகனத்தைப் பூட்டுங்கள். கிளம்புமுன் ஆசனங்களின் கீழும் பொருட்தட்டிலும் ஒரு பார்வை பாருங்கள்.

குர்பான் காலத்தில் கத்தியுடன் பயணிக்க நேர்ந்தால், அதைச் சுற்றிக் கட்டி, மற்றப் பொருட்களோடு பின்பக்கம் வையுங்கள். ஆசனத்தின் கீழோ கதவின் ஓரத்திலோ வைக்க வேண்டாம். கேட்டால் நோக்கத்தை நேராகச் சொல்லுங்கள். நிஜத் துப்பாக்கி போலத் தெரியும் விளையாட்டுப் பொருட்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டாம்.

சோதனையின்போது ஒத்துழையுங்கள்; அதே நேரம் உரிமையையும் அறிந்திருங்கள். பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்ணே, கண்ணியம் பேணி, சோதிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் விதி. எமது சகோதரிகள் இதை அமைதியாகக் கேட்டுப் பெறலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணச் சட்டத்தின் கீழ் கைதானவர் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும். அத்துமீறல் நடந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற உடனடித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். எந்தப் பொலிஸ் நிலையம், என்ன நேரம், அதிகாரியின் இலக்கம் என்ன என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீதியோரத்தில் ஆயுதமோ தோட்டாவோ கண்டால் தொட வேண்டாம், படம் எடுத்துப் பகிரவும் வேண்டாம். விலகி நின்று 119க்கு அறிவியுங்கள். யுத்தம் நடந்த மண் அது. ஏ-9 வீதியில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தது. மயிலிட்டி உட்பட வலிகாமம் வடக்கிலும் நீண்டகாலம் இராணுவத்தின் பிடியிலிருந்த காணிகளே திரும்பக் கிடைத்திருக்கின்றன. இயற்கைத் தேவைக்கென்றாலும் எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் இறங்கக் கூடாது.

கேட்க வேண்டியது எதை?

பயணியின் பயம் பொய்யல்ல. அதற்கு மருந்து தேவை. வெளிச்சமும், பெண்களுக்குச் சுத்தமான மலசலகூடமும், தொழ ஓர் இடமும், இரவில் ரோந்தும் உள்ள தரிப்பிடங்கள் வடக்கு வீதிகளில் வேண்டும் என்று பிரதேச சபைகளிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்பது அந்த மருந்தின் ஒரு பகுதி. வவுணதீவு போன்ற கொலைகளில் இன்னார் என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல் உண்மையைத் தேடும் விசாரணையை வலியுறுத்துவது மற்றொரு பகுதி. அந்தச் சிறையில் இருந்தவர் தமிழர் என்பதால் அது எமது பிரச்சினை அல்ல என்று ஆகாது. அடுத்த முறை அந்த இடத்தில் எமது பிள்ளை இருக்கலாம்.

பலாலி வீதியைப் போல இன்னும் எத்தனையோ வீதிகள் நிபந்தனையின்றித் திறக்கப்பட வேண்டியிருக்கின்றன. வாகனத்தை நிறுத்தி, இறங்கி, யாருக்கும் பயப்படாமல் கால் நீட்டி நிற்கக்கூடிய வீதியே மயிலிட்டி மக்களுக்கும் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் பொதுவான தேவை. மறைத்த துவக்கு ஒன்று அகப்படும் ஒவ்வொரு தடவையும் அந்த நாள் இன்னும் தள்ளிப் போகிறது. உயர்பாதுகாப்பு வலயம் நீடிக்க வேண்டும் என்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.